குளிர்ல மட்டும் எரியுற பிரேக் லைட்: ரூ.3,000-ல முடியுமா, ரூ.15,000-ல வந்து நிக்குமா?



டிசம்பர் லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல்னு கார்ல கிளம்புறவங்க, பெங்களூருல காலை ஷிஃப்டுக்கு 5 மணிக்கே வண்டி எடுக்கிறவங்க, இவங்கள்ல பல பேர் இதைப் பார்த்திருப்பீங்க. சாவியைத் திருப்பினதும் மீட்டர்ல சிவப்பா ஒரு வட்டம், நடுவுல ஆச்சரியக்குறி. ஹேண்ட் பிரேக் இறக்கியாச்சு, ஆனாலும் லைட் அணையல. கொஞ்ச தூரம் ஓட்டினதும் தானா அணைஞ்சிடும். மறுநாள் காலையில மறுபடியும் எரியும்.

பக்கத்துல யாராவது ஒருத்தர் உடனே சொல்லுவார்: "குளிருக்கு அப்படித்தான், ஓட்ட ஓட்ட சரியாயிடும்." அதுல பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதியை விட்டுட்டா, உயிருக்கும் ஆபத்து, பர்ஸுக்கும் ஆபத்து.

பணத்தைப் பத்திப் பேசுற பக்கத்துல பிரேக் லைட் எதுக்குன்னு கேட்கலாம். நம்மள்ல பல பேருக்கு முதல் கார்ங்கிறது 5 வருஷ இஎம்ஐ. சம்பளத்துல இஎம்ஐ, பெட்ரோல் ரெண்டுக்கும் கணக்குப் போட்டிருப்போம். பராமரிப்புக்குன்னு தனியா ஒதுக்கினவங்க குறைவு. அதனால மீட்டர்ல லைட் எரிஞ்சா, "சம்பளம் வரட்டும் பார்க்கலாம்"னு தள்ளிப் போடுறோம். தள்ளிப் போடலாமா கூடாதான்னு நீங்களே முடிவு பண்ண வேண்டிய விஷயங்களை இந்தப் பதிவுல படிப்படியா பார்க்கலாம் வாங்க.

முதல்ல, எந்த லைட் எரியுதுன்னு பாருங்க

"பிரேக் லைட்"னு பொதுவா சொல்றோம். மீட்டர்ல அது மூணு விதமா வரும்.

1. சிவப்பு வட்டம், உள்ள ஆச்சரியக்குறி. இது பிரேக் சிஸ்டத்துக்கான எச்சரிக்கை. பல கார்கள்ல ஹேண்ட் பிரேக் போட்டாலும் இதே லைட்தான் எரியும். சில கார்கள்ல ஹேண்ட் பிரேக்குக்கு மட்டும் தனியா "பி"ன்னு ஆங்கில எழுத்து போட்ட லைட் இருக்கும்.

2. மஞ்சள் நிறத்துல ஏபிஎஸ். சடன் பிரேக் போடும்போது சக்கரம் லாக் ஆகாம பார்த்துக்கிற சிஸ்டம் வேலை செய்யலன்னு அர்த்தம். சாதாரண பிரேக் வேலை செய்யும்.

3. சிவப்பும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து. முன் சக்கரம், பின் சக்கரத்துக்கு பிரேக் விசையைப் பிரிச்சுக் கொடுக்கிற இபிடி வேலை செய்யலன்னு எடுத்துக்கணும். வேகமா பிரேக் அடிச்சா பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுத்திக்கலாம். மூணுலயும் இதுதான் ரொம்ப கவனிக்க வேண்டியது.

இன்னொரு சின்ன டெஸ்ட். இக்னிஷன் ஆன் பண்ணதும் இந்த லைட் எல்லாம் ஒரு சில நொடி எரிஞ்சு அணையணும். அப்போ எரியவே இல்லைன்னா சந்தோஷப்படாதீங்க. எச்சரிக்கை லைட்டே வேலை செய்யலன்னு அர்த்தம். செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போறவங்க இதைக் கட்டாயம் பாருங்க. பிரச்சினையை சரி பண்ணாம லைட்டை மட்டும் எரியாம பண்ணி விக்கிறவங்களும் இருக்காங்க.

குளிருக்கும் இந்த லைட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பானட்டைத் திறந்தா, டிரைவர் சீட்டுக்கு நேரா, பின்பக்கமா ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதுலதான் பிரேக் ஆயில் இருக்கும். கடையில பிரேக் ஆயில்னு கேட்டாதான் கொடுப்பாங்க, ஆனா அது ஆயில் கிடையாது. கிளைகால் வகையைச் சேர்ந்த ஒரு திரவம். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்னு பின்னாடி சொல்றேன்.

டப்பாவுக்குள்ள ஒரு மிதவை இருக்கு. நம்ம வீட்டு தண்ணி டேங்க் மிதவை மாதிரியே. திரவம் ஒரு அளவுக்குக் கீழ இறங்கினா மிதவையும் இறங்கி சுவிட்சைத் தட்டும், மீட்டர்ல சிவப்பு லைட் எரியும்.

குளிர்ல எந்தத் திரவமும் கொஞ்சம் சுருங்கும். ராத்திரி முழுக்க 5 டிகிரியில நின்ன கார்ல பிரேக் ஆயில் மட்டம் கொஞ்சம் இறங்கி இருக்கும். எஞ்சின் சூடானதும் அந்த டப்பாவும் சூடாகும், திரவம் விரியும், மிதவை மேல வரும், லைட் அணையும். "ஓட்ட ஓட்ட சரியாயிடும்"ங்கிறதுல இருக்கிற பாதி உண்மை இதுதான்.

மீதிப் பாதிக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். குளிரால சுருங்குறது சில மில்லி மட்டும்தான். பிரேக் பேட் தேயுறதால குறையுறது எவ்வளவு தெரியுமா? பேட் தேயத் தேய, அதைத் தள்ளுற பிஸ்டன் வெளிய வந்துக்கிட்டே இருக்கும். அந்த இடத்தை நிரப்ப டப்பாவுல இருந்து திரவம் இறங்கும். பிஸ்டன் விட்டம் 50 மி.மீ., ஒவ்வொரு பேடும் 10 மி.மீ.ல இருந்து 3 மி.மீ. வரைக்கும் தேஞ்சிருக்குன்னு வெச்சுக்குவோம். ரெண்டு பக்க பேடும் சேர்த்து பிஸ்டன் 14 மி.மீ. நகரும். ஒரு சக்கரத்துக்கு சுமார் 27 மில்லி. முன் சக்கரம் ரெண்டுக்கும் சேர்த்து சுமார் 55 மில்லி.

அந்த சின்ன டப்பாவுல 55 மில்லிங்கிறது பெரிய அளவு. அந்தளவுக்கு மட்டம் ஏற்கெனவே இறங்கி விளிம்புல நின்னாதான், குளிரால சுருங்குற சில மில்லி லைட்டை எரிய வைக்க முடியும். மட்டம் சரியா இருக்கிற கார் அதே ஊட்டியில, அதே குளிர்ல நின்னாலும் லைட் எரியாது.

ஆக, குளிர் உங்க பிரேக்கைக் கெடுக்கல. பேட் தேஞ்சிருக்கு, இல்லை எங்கயோ லீக் இருக்குங்கிறதை முன்கூட்டியே சொல்லுது. வெயில் வந்ததும் லைட் அணைஞ்சா, தேஞ்ச பேட் திரும்ப வளர்ந்திடாது.

10 நிமிஷ செக்: செலவு ரூ.0

வொர்க்‌ஷாப்புக்குப் போன் போடுறதுக்கு முன்னாடி இதை வரிசையா பண்ணுங்க.

*படி 1: வண்டியை சமதளத்துல நிறுத்துங்க.* மலை ஊர்ல ரோடு, பார்க்கிங் எல்லாமே சரிவு. வண்டி சாஞ்சு நின்னா டப்பாவுல திரவமும் ஒரு பக்கமா சாயும். மட்டம் கொஞ்சம் குறைவா இருந்தா அதுக்கே லைட் எரியலாம். வண்டி உருளாம இருக்க சக்கரத்துக்கு ஒரு கல் வெச்சுடுங்க.

*படி 2: ஹேண்ட் பிரேக் லீவரை மேல தூக்கி, முழுசா கீழ இறக்குங்க.* லீவர் ஒரு நூல் அளவு மேல நின்னாலும் அடியில இருக்கிற சுவிட்ச் ஆன்ல இருக்கும். முழுசா அமுக்கினதும் லைட் அணைஞ்சா, விஷயம் லீவர்ல இல்லை சுவிட்ச்ல. பெரிய செலவு கிடையாது.

*படி 3: பானட்டைத் திறந்து மட்டம் பாருங்க.* டப்பாவோட வெளிப்பக்கத்துலயே மினிமம், மேக்ஸிமம் கோடு இருக்கும். டார்ச் அடிச்சா வெளிய இருந்தே மட்டம் தெரியும், மூடியைத் திறக்க வேண்டாம். நிறத்தையும் கவனிங்க. புதுசுல தெளிவா, வெளிர் மஞ்சளா இருக்கும். டீ டிகாஷன் மாதிரி கறுத்திருந்தா மாத்துற நேரம் தாண்டியாச்சு.

*படி 4: லீக் தேடுங்க.* நாலு டயரோட உள்பக்கம், வண்டிக்கு அடியில தரை, பிரேக் பெடலுக்கு மேல, இந்த இடங்கள்ல ஈரம் இருக்கான்னு பாருங்க. விரல்ல தொட்டா வழுவழுப்பா இருந்தா பிரேக் ஆயிலா இருக்கலாம். காலைப் பனி ஈரம் வெறும் தண்ணி, வழுவழுப்பு இருக்காது. பல கார்கள்ல கிளட்சுக்கும் இதே டப்பாவுல இருந்துதான் திரவம் போகும். அதனால கிளட்ச் பக்கம் லீக் இருந்தாலும் பிரேக் லைட் எரியும்.

*படி 5: பேட் பாருங்க.* அலாய் வீலா இருந்தா இடைவெளி வழியா டார்ச் அடிச்சா தெரியும். டிஸ்க்கை ஒட்டி இருக்கிற பொருள் 3 மி.மீ.க்குக் கீழ இருந்தா மாத்தணும். கிட்டத்தட்ட ரெண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கி வெச்ச உயரம்.

*படி 6: பெடல் டெஸ்ட்.* எஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது பெடலை அஞ்சாறு தடவை அமுக்குங்க, கெட்டியாகும். அப்படியே காலை அழுத்தி வெச்சுக்கிட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் கீழ இறங்கி நின்னா நல்லது, பூஸ்டர் வேலை செய்யுது. இறங்கவே இல்லைன்னா பூஸ்டரைப் பார்க்கணும். நிக்காம மெதுவா அடிவரைக்கும் போய்க்கிட்டே இருந்தா, லீக் இல்லைன்னா மாஸ்டர் சிலிண்டர் கோளாறு. பஞ்சு மாதிரி அமுங்கினா உள்ள காத்து புகுந்திருக்கு. கடைசி ரெண்டுல எது வந்தாலும் வண்டியை எடுக்கவே கூடாது.

செக் பண்ணதுல என்ன தெரிஞ்சது?

*மட்டம் குறைவு, லீக் இல்லை, பேட் தேஞ்சிருக்கு.* அடிக்கடி பார்க்கிற காரணம் இதுதான். பேட் மாத்தணும். புதுப் பேட் போடும்போது பிஸ்டனை உள்ள தள்ளுவாங்க, மட்டம் தானா ஏறிடும்.

*மட்டம் குறைவு, பேட் நல்லா இருக்கு.* அப்போ திரவம் எங்க போச்சு? பிரேக் ஆயில் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ந்து போற பொருள் கிடையாது. பேடும் தேயாம மட்டம் குறைஞ்சிருந்தா எங்கயோ வெளிய போகுது. பழைய கார்கள்ல ரப்பர் சீல் இறுகிப் போயிருக்கும், குளிர்ல இன்னும் விறைக்கும், கசியும். பின் சக்கர டிரம்முக்குள்ள கசிஞ்சா வெளிய தெரியக்கூட தெரியாது. மெக்கானிக் டிரம்மைக் கழட்டித்தான் பார்க்கணும்.

*மட்டம் சரியா இருக்கு, ஆனாலும் லைட் எரியுது.* மிதவை சிக்கியிருக்கலாம், சுவிட்ச் கனெக்டர்ல ஈரம் புகுந்து பச்சை படிஞ்சிருக்கலாம், ஹேண்ட் பிரேக் சுவிட்ச் போயிருக்கலாம். பெரும்பாலும் சின்ன வேலைதான். ஆனா அதை நீங்களா முடிவு பண்ணாம மெக்கானிக் பார்த்து சொல்லட்டும்.

*சிவப்பும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து, ஸ்டார்ட் பண்ண உடனே.* இதுக்குக் குளிர்ல ஒரு தனிக் காரணம் இருக்கு: பேட்டரி. குளிர்ல பேட்டரியோட சக்தி குறையும். பலவீனமான பேட்டரின்னா, ஸ்டார்ட் பண்ற நொடியில வோல்டேஜ் ரொம்ப இறங்கி, ஏபிஎஸ் யூனிட் குழம்பி லைட் போடும். எஞ்சினை ஆஃப் பண்ணி மறுபடி ஸ்டார்ட் பண்ணா அணையும். அப்படி அணைஞ்சா பேட்டரியை செக் பண்ணுங்க. ராத்திரி முழுக்க நின்ன நல்ல பேட்டரி 12.6 வோல்ட் கிட்ட காட்டணும். 12.2 வந்தா பாதி சார்ஜ்தான் இருக்கு. எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருக்கிற புது கார்களும் வோல்டேஜ் குறைஞ்சா இதே மாதிரி லைட் போடலாம். ரீஸ்டார்ட் பண்ணியும் அணையலன்னா வீல் சென்சார், வயரிங்னு போகும். ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்கணும்.

*லைட் எரியல, ஆனா வண்டி நகர மாட்டேங்குது.* இதுவும் குளிர் ஊர் விஷயம். சுவிட்ச் இருக்கிறது லீவர்ல. லீவர் இறங்கினா லைட் அணைஞ்சிடும். ஆனா கேபிளுக்குள்ள ஈரம், துரு இருந்தா பின் சக்கரத்துல ஷூ விடாம பிடிச்சுக்கிட்டே இருக்கலாம். லடாக், இமாச்சல் பக்கம் கேபிளுக்குள்ள ஐஸே கட்டும். மெதுவா முன்னாடி பின்னாடி நகர்த்தினா 'டக்'னு விடும். விடலன்னா ஆக்சிலரேட்டரை மிதிச்சு இழுக்காதீங்க. கடும் குளிர் ஊர்ல ராத்திரி ஹேண்ட் பிரேக் போடாம, கியர்ல போட்டு சக்கரத்துக்குக் கல் வைக்கிறதுதான் அந்த ஊர் டிரைவர்கள் பழக்கம்.

*பைக் வெச்சிருக்கவங்களுக்கு:* 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல இருக்கிற எல்லா புது பைக்குக்கும் ஏபிஎஸ் கட்டாயம். சாவி போட்டதும் ஏபிஎஸ் லைட் எரியும், வண்டி கொஞ்சம் நகர்ந்து வேகம் எடுத்த பிறகுதான் அணையும். அது கோளாறு இல்லை. ஓட்டும்போதும் அணையலன்னாதான் பிரச்சினை. பிரேக் ஆயில் மட்டத்தை ஹேண்டில் பார்ல இருக்கிற சின்ன கண்ணாடி வழியா பார்க்கலாம்.

வண்டியை எடுக்கலாமா, கூடாதா?

- பெடல் பஞ்சு மாதிரி இருக்கு, அடிவரைக்கும் போகுது, இல்லை லீக் தெரியுது: எடுக்காதீங்க. டோவிங்தான்.
- சிவப்பும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து எரியுது, ரீஸ்டார்ட் பண்ணியும் அணையல: மலை இறங்காதீங்க. மெக்கானிக்கை வரச் சொல்லுங்க.
- சிவப்பு மட்டும், மட்டம் மினிமம் கிட்ட, பெடல் கெட்டி, லீக் இல்லை: டாப்-அப் பண்ணி, அதே ஊர்ல இருக்கிற வொர்க்‌ஷாப் வரைக்கும் மெதுவா போகலாம். பேடைப் பார்த்த பிறகுதான் மலை இறங்கணும்.
- மஞ்சள் ஏபிஎஸ் மட்டும்: நிதானமா, இடைவெளி விட்டு ஓட்டலாம். ஊர் திரும்பினதும் காட்டுங்க.

மலை இறங்குறதை ஏன் இவ்வளவு தடவை சொல்றேன்? ஊட்டியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது உயரம் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் குறையுது. குன்னூர் வழியில 14 கொண்டை ஊசி வளைவு, மசினகுடிக்கு இறங்குற கல்லட்டி பாதையில 36. ஆளோட சேர்த்து 1,200 கிலோ எடை இருக்கிற ஒரு கார் 1,900 மீட்டர் இறங்கும்போது, அந்த சக்தி முழுக்க பிரேக்லயே சூடா மாறினா, சுமார் 75 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். அதனாலதான் ஏறின கியர்லயே இறங்கணும்னு போர்டு வெச்சிருக்காங்க. எஞ்சின் பாதி வேலையை எடுத்துக்கும்.

இங்க இன்னொரு விஷயம். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். டாட் 3 வகை புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த அளவு 140. டாட் 4-க்கு 230, ஈரம் சேர்ந்தா 155. நாலஞ்சு வருஷம் மாத்தாத திரவத்தோட மலை இறங்கி, வழி முழுக்க பிரேக்லயே கால் வெச்சா, அது உள்ளுக்குள்ள கொதிச்சு ஆவிக் குமிழ் வரும். ஆவி அமுங்கும், அதனால பெடல் அடிவரைக்கும் போகும், பிரேக் பிடிக்காது. காலையில குளிர்ல எரிஞ்ச லைட்டை அலட்சியம் பண்ணா, மதியம் சூட்டுல மாட்டிக்குவீங்க.

டாப்-அப் பண்றது, மினிமம் டியூ கட்டுற மாதிரி

கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டினா, லேட் ஃபீ வராது, போன் கால் வராது. நிம்மதியா இருக்கும். ஆனா கடன் அப்படியேதான் இருக்கு, வட்டியும் ஓடும். காரணம் பார்க்காம பிரேக் ஆயிலை ஊத்துறதும் இதேதான். லைட் அணையும். பேட் தேஞ்சுக்கிட்டே இருக்கும், லீக் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அடுத்த எச்சரிக்கை வர்ற நாளையும் நீங்களே தள்ளி வெச்சுட்டீங்க.

அவசரத்துக்கு டாப்-அப் பண்ணியே ஆகணும்னா:

- மூடியில என்ன எழுதியிருக்கோ (டாட் 3, டாட் 4) அதையே வாங்குங்க. டாட் 5 சிலிக்கான் வகை, மத்ததோட கலக்கக் கூடாது.
- சீல் உடைக்காத புது பாட்டில் மட்டும். திறந்து மாசக்கணக்குல வெச்சிருந்த பாட்டில் ஈரம் இழுத்திருக்கும்.
- எஞ்சின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் எதையும் ஊத்தாதீங்க. பிரேக் ஆயில் ஆயில் கிடையாதுன்னு சொன்னேன்ல? பெட்ரோலிய ஆயில் பட்டா பிரேக்ல இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் ஊதிப் போகும். முழு சிஸ்டத்தையும் கழட்டி மாத்த வேண்டி வரும்.
- மூடியைச் சுத்தி துடைச்சுட்டு திறங்க. பெயின்ட் மேல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க, பெயின்ட்டை அரிச்சிடும்.
- மேக்ஸிமம் வரைக்கும் ஊத்தாதீங்க. புதுப் பேட் போடும்போது மட்டம் ஏறி வழியும்.

இப்போ பணக் கணக்கு

கார் மாடலுக்கும் ஊருக்கும் தகுந்த மாதிரி விலை மாறும். சும்மா ஒரு சின்ன ஹேட்ச்பேக்குக்கு எடுத்துக்காட்டா இப்படி வெச்சுக்குவோம்.

லைட் பார்த்த வாரமே பேட் மாத்தினா:
- முன் பேட் செட்: ரூ.2,500
- கூலி: ரூ.600
- மொத்தம்: ரூ.3,100

மூணு மாசம் தள்ளிப் போட்டா பேட் முழுசா தேஞ்சு, உள்ள இருக்கிற இரும்பு டிஸ்க்கை உரசும். அப்போ:
- பேட், கூலி: ரூ.3,100
- முன் டிஸ்க் ரெண்டு: ரூ.6,000
- இது மலை மேல நடந்து, கோவை வரைக்கும் டோ பண்ண வேண்டி வந்தா: ரூ.6,000
- மொத்தம்: ரூ.15,100

கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. ரூ.3,100-ஐ மூணு மாசம் தள்ளிப் போட்டதுக்கு ரூ.12,000 கூடுதலா கொடுக்கிறோம். எந்த பெர்சனல் லோன்லயும் இந்த வட்டி கிடையாது. லீவு போட்டது, ரூம் வாடகை, ஊர் திரும்ப டாக்ஸி இதெல்லாம் தனி. விபத்து நடந்தா வர்ற இழப்பை இந்தக் கணக்குல எழுத முடியாது.

"இன்சூரன்ஸ் இருக்கே?"

பம்பர் டு பம்பர் பாலிசி எடுத்திருக்கேன், எல்லாம் வந்துடும்னு நினைக்கிறவங்க பாலிசி பேப்பரை ஒரு தடவை படிங்க. கார் பாலிசியில தேய்மானம், மெக்கானிக்கல் இல்லைன்னா எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன் இதுக்கெல்லாம் கவர் கிடையாதுன்னு தெளிவா எழுதியிருக்கும். பேட், டிஸ்க், சீல் எல்லாம் தேயுற பொருள். உங்க கைக்காசுதான். கார் கம்பெனி வாரன்ட்டியும் பொதுவா பேடுக்கு வராது.

அதைவிட முக்கியமா ரெண்டு நிபந்தனை இருக்கும். ஒண்ணு, வண்டியை நல்ல நிலையில வெச்சிருக்க உரிமையாளர் நியாயமான நடவடிக்கை எடுக்கணும். ரெண்டாவது, விபத்தோ பிரேக்டவுனோ ஆன வண்டியை ரிப்பேர் பண்ணாம ஓட்டி சேதம் அதிகமானா, அந்தக் கூடுதல் சேதம் உங்க பொறுப்பு. எரியுற சிவப்பு லைட்டைப் பார்த்துக்கிட்டே ஓட்டி இடிச்சா, கிளெய்ம் நேரத்துல கேள்வி வரும். கோளாறு இருக்குன்னு தெரிஞ்சே பொது ரோட்ல ஓட்டுறது மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவுப்படி குற்றமும்கூட.

இதுல நமக்கு உதவுறது ரோடு சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன். அடுத்த ரினியூவல்ல அது இருக்கா, எத்தனை கிலோமீட்டர் வரை டோவிங் இலவசம், மலைப் பாதைக்கு வருவாங்களான்னு கேட்டுட்டு எடுங்க. ஊட்டியில இருந்து கோவை கிட்டத்தட்ட 85 கிலோமீட்டர். பாலிசியில 50 கிலோமீட்டர் வரைன்னு இருந்தா மீதிக்கு நீங்கதான் கொடுக்கணும்.

வொர்க்‌ஷாப்ல ஏமாறாம இருக்க

"பிரேக் லைட் எரியுது, பாருங்க"ன்னு மட்டும் சொன்னா, பில்லுல என்ன வேணா வரலாம். இப்படிக் கேளுங்க:

1. "பேட் எத்தனை மி.மீ. இருக்கு? அளந்து காட்டுங்க."
2. "டிஸ்க் மாத்தணும்னா ஏன்? கோடு விழுந்திருக்கா, கனம் குறைஞ்சிருக்கா?"
3. "பிரேக் ஆயில்ல ஈரம் எவ்வளவு?" இதுக்கு பேனா சைஸ்ல டெஸ்டர் இருக்கு. 3 சதவீதத்துக்கு மேல காட்டினா மாத்திடலாம்.
4. "முதல்ல எஸ்டிமேட் கொடுங்க, நான் ஓகே சொன்ன பிறகு கழட்டுங்க."
5. "மாத்தின பழைய பார்ட்டை டிக்கியில வெச்சுடுங்க."

நீங்க ஏற்கெனவே 10 நிமிஷ செக் பண்ணிட்டுப் போனா, பேச்சே வேற மாதிரி இருக்கும். "மட்டம் மினிமம்ல இருக்கு, லீக் தெரியல, பெடல் கெட்டியா இருக்கு"ன்னு சொல்ற கஸ்டமர்கிட்ட தேவையில்லாத வேலையைச் சேர்க்க யாரும் யோசிப்பாங்க.

மாசம் ரூ.2,000: காருக்குன்னு தனி உண்டியல்

இந்த மாதிரி செலவு "திடீர்னு" வர்றதில்லை. எப்போ வரும்னு தோராயமா முன்னாடியே தெரியும். அதே ஹேட்ச்பேக்குக்கு ஒரு வருஷக் கணக்கு, எடுத்துக்காட்டா:

- இன்சூரன்ஸ்: ரூ.9,000
- பீரியாடிக் சர்வீஸ்: ரூ.7,000
- டயர் (4 வருஷத்துக்கு ரூ.18,000): வருஷத்துக்கு ரூ.4,500
- பேட்டரி (4 வருஷத்துக்கு ரூ.5,600): ரூ.1,400
- பிரேக் பேட் (ரெண்டரை வருஷத்துக்கு ரூ.3,000): ரூ.1,200
- பிரேக் ஆயில் (2 வருஷத்துக்கு ரூ.1,000): ரூ.500

மொத்தம் ரூ.23,600. மாசத்துக்கு சுமார் ரூ.2,000. சம்பளம் வந்த மறுநாளே இஎம்ஐ போற மாதிரி, இந்த ரூ.2,000-ஐ ஒரு ஆர்டிக்கோ தனி சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கோ தானா போற மாதிரி வெச்சுடுங்க. உங்க எமர்ஜென்சி ஃபண்டைத் தொட வேண்டாம். அது வேலை போனா, ஆஸ்பத்திரி செலவு வந்தா எடுக்கிறதுக்கு. தனியா பணம் இருந்தா "சம்பளம் வரட்டும்"னு லைட்டோட ஓட்ட வேண்டிய அவசியமே வராது.

பிரேக் ஆயிலை பொதுவா 2 வருஷம் இல்லைன்னா 40,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்துவாங்க. உங்க காருக்கு எவ்வளவுன்னு ஓனர்ஸ் மேனுவல்ல இருக்கும், அதையே பின்பற்றுங்க. வண்டி ஓடாம நின்னாலும் திரவம் ஈரம் இழுக்கும்ங்கிறதால, வருஷக் கணக்கை மறக்காதீங்க.

சுருக்கமா

மலை டூருக்கு ஒரு வாரம் முன்னாடி வீட்டு வாசல்லயே பானட்டைத் திறந்து மட்டம் பாருங்க. மினிமம் கோட்டுக்குக் கிட்ட இருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடியே பேடைக் காட்டிடுங்க. நம்ம ஊர்ல, நம்ம மெக்கானிக்கிட்ட, ரூ.3,000 சொச்சத்துல முடியுற வேலை. குளிர்ல எரிஞ்சு வெயில்ல அணையுற லைட்டா இருந்தாலும் அதே வாரம் காட்டுங்க. காரணம் தெரியாம டாப்-அப் பண்ணி மூடி வைக்காதீங்க.

லைட் எரியுதோ இல்லையோ, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு 10 நிமிஷம் ஒதுக்கி அந்த ஆறு படியையும் உங்க வண்டியில பண்ணிப் பாருங்க. ஆபீஸ்ல யாராவது ஊட்டி டிரிப் பிளான் பண்ணிக்கிட்டிருந்தா அவங்களுக்கும் இதை அனுப்புங்க.